கிரானைட்டுக்கு முன்னால் கைப்பிடிக்காரரைக் கூப்பிடுங்கள்

கேள்வி: மதுரை திருநகரில் வீடு கட்டுகிறோம். ஹாலுக்குள்ளேயே மாடிப்படி; ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் திறந்து கிடக்கிறது. கிரானைட் போட்ட பிறகு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மேஸ்திரி. அதில் 304, 202 என்று இரண்டு ரகம், ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. எப்படி வாங்குவது?

பதில்: கல் வெட்டுவதற்கு முன்பே கைப்பிடி போடுபவரை வீட்டுக்கு வரவழைத்து, கைப்பிடியைத் தாங்கும் கால்கள் எங்கே நிற்கும் என்று சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். என் வீட்டில் இதைச் செய்யாமல் விட்டேன். போல்ட்டுக்காக ஓரத்தை ஒட்டித் துளை போட்டபோது, முதல் படியின் மூலை விரல் நீளத்துக்குத் தெறித்து விழுந்தது. ஒட்டிய கல்லை மறுபடி பெயர்க்க வேண்டியதாயிற்று.

கால் படியின் மேல் நிற்கிறது என்றால் துளை ஓரத்திலிருந்து மூன்று அங்குலமாவது உள்ளே இருக்கட்டும். பக்கவாட்டில் பொருத்துவதானால், வெளியே நீட்டிய கல் காலுக்கு இடிக்கும். அந்த இடத்தில் மட்டும் வெட்டு விடவேண்டும். மற்றபடி கல் பூச்சைத் தாண்டி அரை அங்குலம் நீட்டியிருப்பதே நல்லது. துடைக்கிற தண்ணீர் பெயின்ட்டில் வழிந்து கோடு கோடாகக் கறை படியாது.

மேலூர்ப் பக்கம் கல் எடுத்தாலும் சரி, ஊருக்குள் எடுத்தாலும் சரி, கடைக்காரர் மோல்டிங் (விளிம்பை உருட்டி மெருகேற்றும்) கூலியை முன்விளிம்புக்கு மட்டும்தான் கணக்கிட்டுச் சொல்வார். உங்கள் படிக்குப் பக்க விளிம்பும் கண்ணில் படும். அதற்கும் சேர்த்து விலை பேசுங்கள். வழுக்காமலிருக்க முன்பக்கம் இரண்டு மூன்று கோடு போடச் சொல்லுங்கள்.

கைப்பிடிக்கு காந்தம் வைத்துப் பார்க்காதீர்கள். 304, 202 இரண்டிலுமே பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. 304-இல் நிக்கல் ஏறக்குறைய 8 சதவீதம். 202-இல் அதைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள், அதனால் துரு சீக்கிரம் வரும். சொட்டு மருந்து போல ஒரு சோதனைத் திரவம் கிடைக்கிறது. பைப்பில் ஒரு துளி விட்டால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் கண்ணெதிரே விடச் சொல்லுங்கள். பைப்பின் கனத்தையும் அளந்து வாங்குங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கம்பிகள் நெட்டாக, நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். படுக்கைக் கம்பி என்றால் ஏணி மாதிரி ஏறிவிடுவார்கள்.

பில்லில் 'எஸ்.எஸ். பைப்' என்று மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். '304', கனம் இத்தனை மி.மீ. என்று எழுதி வாங்குங்கள். ஏமாற்றியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். அங்கே முதலில் கேட்பது அந்தப் பில்லைத்தான்.