பட்டாளத்துக்குப் போன பெரியவர்களைத் தேடுதல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இரண்டு உலகப்போர்களுக்கும் கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து போன பட்டாளத்துக்காரர்களைப் பற்றி அவர்களுடைய பேரன் பேத்திகள் கேட்டனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். பிரிட்டிஷ் இந்தியப் படையின் சாதாரணச் சிப்பாய்களுடைய பணிப்பதிவேடுகள் பொதுவாக இணையத்தில் ஏற்றப்படவில்லை என்பதைத் தேடத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. இணையத்தில் கிடைப்பவை இறந்தோர் பட்டியல்களும், படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகளும், அரசுக் கோப்புகளும்தாம். இவற்றுக்குள் நுழைவதற்கு ஆளின் பெயரைவிட அவருடைய படை எண்ணும் பிரிவின் பெயருமே அதிகம் உதவும். அந்த இரண்டும் பெரும்பாலும் வீட்டுப் பெட்டிக்குள்தான் கிடக்கும்.

எங்கள் அப்பாருவின் (தாத்தாவின்) ஐயன் (தகப்பனார்) முதல் உலகப்போரில் பஸ்ராவுக்குப் போய்த் திரும்பவே இல்லை. இணையத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வரவில்லை. எங்கே பார்ப்பது? (தாராபுரம் வாசகர்)

போரில் இறந்தவர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். கட்டணம் இல்லை. 4.8.1914 முதல் 31.8.1921 வரையிலும், 3.9.1939 முதல் 31.12.1947 வரையிலும் இறந்த ஏறத்தாழ 17 லட்சம் பேர் அதில் இருக்கிறார்கள். நோயில் இறந்தவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம். பஸ்ரா இருக்கும் மெசபொடேமியாவில் (இன்றைய ஈராக்) காலராவும் காய்ச்சலும் வாரிக்கொண்டு போனவர்கள் ஏராளம் என்பதால், குண்டடி பட்டுச் சாகவில்லையே என்று தேடாமல் விட்டுவிடாதீர்கள்.

பெயர் அகப்படாததற்குப் பெரும்பாலும் எழுத்துக்கூட்டலே காரணம். ஆள் சேர்த்த இடத்தில் எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். பழனிச்சாமி ‘பல்னிசாமி’ என்றும், முத்துச்சாமி ‘மூட்டூஸ்வாமி’ என்றும் பதிவாகியிருக்கலாம். முழுப் பெயரையும் இடாமல் முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் இட்டு, ‘யூ’ என்ற ஆங்கில எழுத்து வருமிடத்தில் இரண்டு ‘ஓ’ போட்டும், ஒற்றை எழுத்தை இரட்டித்தும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒற்றைப் பெயர்க்காரர்களின் பெயர் அங்கே குடும்பப் பெயருக்கான கட்டத்தில்தான் இருக்கும். முதற்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள்.

பெயரில் பிடிபடாவிட்டால் ஊரில் பிடிக்கலாம். விரிவான தேடலில் கூடுதல் தகவலுக்கு என்று ஒரு கட்டம் உண்டு. சிலருடைய பதிவில் தகப்பன் பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் அதில் வந்திருக்கும். அங்கே அந்தக் காலத்து மாவட்டத்தைத்தான் இட வேண்டும். ஈரோடு மாவட்டம் 1979-இலும் திருப்பூர் மாவட்டம் 2009-இலும் பிறந்தவை. போர்க்காலத்தில் இரண்டு பகுதிகளும் கோயமுத்தூர் ஜில்லாதான். இன்று கர்நாடகத்தில் இருக்கும் கொள்ளேகாலமும் 1956 வரை அந்த ஜில்லாவைச் சேர்ந்ததே. கரூர்க்காரர்கள் திருச்சிராப்பள்ளி என்று தேட வேண்டும்.

இதில் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்றும் உண்டு. பஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களைப் பொறித்தவர்கள், இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரையும் இறந்தோர் எண்ணிக்கையையும் மட்டுமே பொறித்தார்கள். இப்படிச் சமமாக நினைவுகூரப்படாதவர்கள் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களுமாக 45,000 முதல் 54,000 பேர் வரை இருப்பார்கள் என்று 2021-இல் ஆணையத்தின் விசாரணை அறிக்கையே ஒப்புக்கொண்டது. ஆணையம் மன்னிப்பும் கேட்டது. கல்லில் இல்லாத பெயர்களை இணையப் பட்டியலில் தேட முடிகிறது என்பதால், உங்கள் குடும்பத்தார் பொறுமையோடு இன்னொரு முறை முயல வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் குதிரைவீரன் உருவம் போட்ட பதக்கம் ஒன்று இருக்கிறது. யாருடையது என்று சொல்ல இப்போது ஆள் இல்லை. (சென்னிமலை வாசகி)

ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையும், மறுபக்கம் ஆடையற்ற குதிரைவீரனும் இருந்தால் அது முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். அதன் விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், பிரிவு ஆகிய நான்கும் சுருக்கெழுத்துகளாக அந்த மெல்லிய ஓரத்தில் அச்சாகியிருக்கும். ‘எஸ் அண்ட் எம்’ என்று முடிந்தால் அவர் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவைச் சேர்ந்தவர். பதக்கம் வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால், துப்பாக்கி ஏந்தாத தொழிலாளர் படை போன்ற பிரிவில் அவர் இருந்தார் என்று பொருள். இது வெள்ளியைவிட மிக அரிதானது.

புளி போட்டுத் துலக்கவே கூடாது, விளிம்பெழுத்து தேய்ந்துவிடும். விளக்கைச் சாய்வாகப் பிடித்து, பதக்கத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஓரம் முழுவதையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

விளிம்பில் ‘63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை’, ‘83-ஆம் வாலாஜாபாத் இலகு காலாட்படை’ போன்ற பழைய பெயர் இருந்தால், அப்பெயரில் இன்று எந்தப் பிரிவும் இல்லை. இத்தகைய பழைய பிரிவுகளில் பல 1922-இல் மூன்றாம் மெட்ராஸ் ரெஜிமென்டுக்குள் சேர்க்கப்பட்டன, சில கலைக்கப்பட்டன. 1928-க்குள் அந்த ரெஜிமென்டும் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போரின்போதுதான் மீண்டும் எழுப்பப்பட்டது. ஆனால் பழைய பெயரையும் எண்ணையும் கொண்டு, லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தின் ‘டபிள்யூ.ஓ. 95’ என்ற வரிசையில் பிரிவின் போர் நாட்குறிப்பைத் தேடலாம். அதில் சிப்பாயின் பெயர் அபூர்வமாகவே வரும். இருந்தாலும் பிரிவு எந்த நாளில் எங்கே முகாமிட்டது, எத்தனை பேர் விழுந்தார்கள் என்பது தேதிவாரியாக இருக்கும். உங்கள் பெரியவர் நடந்த வழியை அதைக் கொண்டு வரைந்துவிடலாம்.

எங்கள் அப்புச்சி (அம்மாவின் தகப்பனார்) இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் இருந்துவிட்டு 1946-இல் ஊர் திரும்பினார். பென்ஷன் இல்லை. அவருடைய பணிப்பதிவை எந்த இணையதளத்தில் எடுக்கலாம்? (கோபி வாசகர்)

உயிரோடு திரும்பியவருக்கு இணையதளம் பயன்படாது. பிரிவின் ஆவண அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, சிக்னல்ஸ் என்ற தகவல் தொடர்புப் பிரிவுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக், இ.எம்.இ. என்ற மின், இயந்திரப் பொறியாளர் பிரிவுக்குச் செகந்தராபாத். ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்ற போக்குவரத்து, தளவாடப் பிரிவில் இருந்தவர் என்றால், அதன் இன்றைய வாரிசான ஏ.எஸ்.சி.-யின் பெங்களூரு அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

ஓய்வூதியம் பெறாதவர்களின் பணித்தாள்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. அதனால் ‘பணிப்பதிவேடு வேண்டும்’ என்று மட்டும் கேட்டால் ‘அழிக்கப்பட்டுவிட்டது’ என்ற ஒற்றை வரிதான் திரும்பி வரும். ‘லாங் ரோல்’ எனப்படும் நீள்பதிவேட்டில் உள்ள விவரத்தைக் கேளுங்கள். சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் போன்ற அடிப்படைக் குறிப்புகள் கொண்ட அந்தப் பதிவேட்டை நிரந்தரமாக வைத்திருப்பது வழக்கம். வாரிசுச் சான்றையும், படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டின் நகலையும் இணைத்துக் கடிதம் எழுதுங்கள்; பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம். எந்த அலுவலகம் என்று குழப்பம் இருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் வழிகாட்டுவார்கள்.

டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் அகப்படவில்லை என்றால் நிலப்பத்திரக் கட்டுக்குள் பாருங்கள். படை எண், தகப்பன் பெயர், கிராமம், தாலுக்கா, உயரம், அங்க அடையாளம் எல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கும்.

பணம் கட்டினால் ‘முழு ராணுவ ஆவணமும்’ தருவதாகச் சில வம்சாவளி இணையதளங்கள் சொல்கின்றன. கட்டலாமா? (திருச்செங்கோடு வாசகர்)

வேண்டாம். அங்கே இருப்பவை பெரும்பாலும் பிரிட்டிஷ் வீரர்களின் ஆவணங்கள். அவற்றிலும் முதல் உலகப்போர்க் காலத்தவை 1940-இல் லண்டனில் விழுந்த குண்டுகளால் பாதிக்கு மேல் எரிந்துபோயின. லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்து 2021-இல் வெளியான 3,20,000 பேரின் பதிவேடுகளோ பஞ்சாபைச் சேர்ந்தவை.

மலாயா தோட்டத்துக்குப் போன எங்கள் பெரிய அப்பாரு நேதாஜி படையில் சேர்ந்தார் என்பார்கள். அதற்கும் ஆவணம் உண்டா? (உடுமலை வாசகர்)

உண்டு. ஆனால் அது மேலே சொன்ன ரெஜிமென்ட் அலுவலகங்களில் இருக்காது. இந்திய தேசியக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் இந்திய தேசிய ராணுவம் பற்றிய கோப்புகளைத் தேடிப் பாருங்கள். அதைவிட நெருங்கிய வழி ஒன்று இருக்கிறது. அவரோ அவர் மனைவியோ தியாகி ஓய்வூதியம் வாங்கியிருந்தால், விண்ணப்பத்தோடு அவர் எந்தப் பிரிவில் இருந்தார், எங்கே சிறைப்பட்டார் என்பதற்கான சான்றுகளும் இணைக்கப்பட்டிருக்கும். அந்தக் கோப்பைப் பற்றி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும், தலைமைச் செயலகத்தின் பொது (அரசியல் ஓய்வூதியம்) துறையிலும் ஓய்வூதிய ஆணை எண்ணைக் குறிப்பிட்டு விசாரியுங்கள்.