வணிக ஆங்கிலத்தில் உடைமைக் குறியை (அப்பாஸ்ட்ரபி) எங்கே இடுவது, இரண்டு பெயர்ச்சொற்களை எப்போது அப்படியே சேர்த்து எழுதுவது?

காரைக்குடியில், ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் டைல்) ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்தைக் கவனித்து வருகிறேன். இந்த ஐயம் எனக்கு அன்றாடம் எழுவது.

‘யாருடையது’ என்ற கேள்விக்கு விடையாக வந்தால் அப்பாஸ்ட்ரபி வேண்டும். ‘என்ன வகை’ என்பதற்கு விடையானால் பெரும்பாலும் வேண்டியதில்லை. கூடை கூடையாகப் பூ விற்றாலும் அது பூக்கடைதான், ‘பூக்கள் கடை’ அன்று. ஆங்கிலத்திலும் முன்னிற்கும் சொல் பொதுவாக ஒருமையிலேயே நின்று வகையைக் காட்ட, பன்மையைக் கடைசிச் சொல் ஏற்கிறது: டைல் சாம்பிள்ஸ், ஆர்டர் ஃபார்ம்ஸ். சேல்ஸ் மேனேஜர், கஸ்டம்ஸ் ஆபீசர் போன்றவை வழக்கால் நிலைத்த விலக்குகள். அவற்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

உடைமைக் குறியில்தான் நான் தவறினேன். ஒரே முகவர் வழியாக இருவர் மாதிரி கேட்டிருந்தனர்; ஒரு பெட்டியில் சிவப்பு மஞ்சள் பூப்போட்ட கல், மற்றதில் கறுப்பு வெள்ளைக் கட்டம். ‘பையர்ஸ் சாம்பிள்ஸ்’ அனுப்பிவிட்டோம் என்று எழுதியபோது, குறியை எஸ் எழுத்துக்கு முன்னால் இட்டுவிட்டேன். அப்படி இட்டால் வாங்குபவர் ஒருவர், பின்னால் இட்டால் பலர். காதுக்கு இரண்டும் ஒன்றே என்பதால் வாய்விட்டுப் படித்துப் பார்த்தும் பிழை பிடிபடவில்லை. இன்னொருவருடைய மாதிரி எங்கே என்று முகவர் கேட்டெழுதிய பிறகுதான் கண்ணில் பட்டது.

கல்லைக் கண்ணாடியின் மேல் ஒவ்வொன்றாகக் கையால் வார்த்துத் தண்ணீரில் ஊறவிட்டு உலர்த்த வேண்டியிருப்பதால், கால அவகாசம் பற்றியும் அடிக்கடி எழுத நேர்கிறது. ‘டூ வீக்ஸ் நோட்டீஸ்’ என்பதில் எஸ்ஸுக்குப் பின் குறி வரும்; ‘எ டூ-வீக் டிலே’ என்பதில் குறியும் இல்லை, பன்மையும் இல்லை, சிறுகோடு மட்டுமே.

கூட்டுடைமையை நம் செட்டிநாட்டு வளவு வீட்டைக் கொண்டே விளக்கலாம். வீடு பங்காளிகள் அனைவருக்கும் பொது, அறையோ ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், தனித்தனி. முத்துவுக்கும் சொக்கனுக்கும் பொதுவான வீட்டைச் சொல்லும்போது கடைசிப் பெயரான சொக்கனுக்கு மட்டும் அப்பாஸ்ட்ரபியும் எஸ்ஸும் சேர்க்க வேண்டும். அவரவர் அறைகளைச் சொல்லும்போது இரு பெயர்களுக்கும் சேர்க்க வேண்டும்.