கணிதத்தில் 'குலம்' என்றால் என்ன? கால்வாவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

கேரம் போர்டைக் கால் வட்டம் திருப்பினால் பார்க்க அப்படியே இருக்கும். இன்னொரு முறை திருப்பினாலும் அப்படித்தான். எதிர்ப்பக்கம் திருப்பினால் பழைய நிலைக்கே வந்துவிடும். இப்படி அடுத்தடுத்துச் செய்யக்கூடிய, செய்ததைத் திருப்பிவிடவும் முடிகிற மாற்றங்களின் முழுத் தொகுப்புதான் குலம்.

சரி, இது எதற்கு? இருபடிச் சமன்பாட்டுக்குப் பள்ளியில் சூத்திரம் படிக்கிறோம். மூன்று, நான்கு படிகளுக்கும் உண்டு. ஐந்துக்கு அதுபோன்ற பொதுச் சூத்திரம் கிடையாது என்று நார்வே கணிதவியலாளர் ஏபெல் நிறுவினார். ஏன் என்பதற்கு ஆழமான காரணம் சொன்னவர், பாரிஸுக்கு அருகே 1811-இல் பிறந்த எவரிஸ்ட் கால்வா. தீர்வுகளை இடம் மாற்றும் வழிகளும் ஒரு குலம். அதைப் படிப்படியாக எளிய துண்டுகளாகப் பிரிக்க முடிந்தால்தான் சூத்திரம் கிடைக்கும். பொதுவான ஐந்துபடியில் அது முடியாது. கணிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பாரிஸின் புகழ்பெற்ற உயர்கல்வி நிறுவனமான எக்கோல் பாலிடெக்னிக்கின் நுழைவுத் தேர்வில் இருமுறை தோற்றவர் அவர். 1832 மே மாதம் துப்பாக்கிச் சண்டையில் சுடப்பட்டு இறந்தபோது வயது 20. அவருடைய கட்டுரைகளை 1846-இல்தான் கணிதவியலாளர் லியூவில் வெளியிட்டார்.

சண்டைக்கு முந்தைய இரவில்தான் எல்லாவற்றையும் எழுதினார் என்று பலரும் சொல்வது தவறு: முக்கியக் கட்டுரையை 1831 ஜனவரியிலேயே பிரெஞ்சு அறிவியல் அகாதமியிடம் கொடுத்துவிட்டார், அந்த இரவில் எழுதியவை கடிதங்களும் சில திருத்தங்களும்தான்.