பெரம்பூர்னு சொன்னா வீடு கெடைக்கும்

அன்புள்ள அண்ணா,

நான் பெரம்பூர் பையன். அம்மாவோட தாய்வீடும் அந்தப் பக்கம்தான். எங்க ஃபேமிலி வாட்ஸப் க்ரூப்ல ஒரு பெரிய சண்ட. மாமா இருபது வருஷத்துக்கு மேல நியூஜெர்சில இருக்காரு. 2024 தேர்தல் நேரத்துல ட்ரம்ப், கமலா ஹாரிஸ் இவ்ளோ நாள் இந்தியரா இருந்துட்டு திடீர்னு கறுப்பரா மாறிட்டாங்கன்ற மாதிரி பேசினாருல்ல, அந்த வீடியோவ போட்டு இது அப்பட்டமான ரேசிசம்னு எழுதினேன். மாமா உடனே, எலக்‌ஷன் வந்தா எதிர்க்கட்சிக்காரன் கெளப்பி விடுற கத இது, அந்தாளு மனசுல அப்படி எதுவும் கெடையாது, அவரோட துணை அதிபர் வேட்பாளர் பொண்டாட்டியே இந்தியக் குடும்பம்தான்னாரு. வாய்ச்சண்ட முத்தி இன்னி வரைக்கும் பேச்சு இல்ல. படிச்ச மனுஷன், க்ரூப்ல புளியந்தோப்பு ரவுடி மாதிரி பேசுறாரு. தேர்தல் நேரத்துல ஒரு வேட்பாளர் மேல வர்ற இனவெறிப் புகார எப்படி எடை போடுறது? நெசமா பிரச்சாரமான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? நான் க்ரூப்ப விட்டு வெளிய வந்துடலாமா?

(பேர் போட வேணாம்னு கேட்டிருக்காரு.)

தம்பிக்கு,

கடிதம் வந்து பத்து நாளாச்சு. அமெரிக்க அரசியல் கேட்டு எழுதுறவங்களுக்கு நான் சாதாரணமா பதில் போடுறதில்ல. ஆனா போன மாசம் பூரா எங்க அக்கா பையனுக்கு வீடு தேடி அலைஞ்சோம், அந்த அலைச்சல்ல மண்டைக்குள்ள ஓடிட்டிருந்த ஒண்ண உங்க கடிதம் நேரா வந்து தொட்டுடுச்சு.

சின்னதுங்கள மொதல்ல முடிச்சிடலாம். கமலாவோட அம்மா சியாமளா கோபாலன் தமிழ்ப் பொண்ணு, அப்பா ஜமைக்காக்காரர். அவங்க காலேஜ் படிச்சது ஹோவர்ட் யுனிவர்சிட்டில, கறுப்பின மக்கள் படிக்கறதுக்குன்னு 1867லயே வந்த எடம் அது. ட்ரம்ப் 2024 ஜூலை 31 அன்னிக்கு சிகாகோல, அதுவும் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் மாநாட்டு மேடையிலேயே உக்காந்துக்கிட்டு அப்படி சொன்னாரு. இதுல விவாதம் பண்ண ஒண்ணுமே இல்ல. துணை அதிபர் வேட்பாளர் பொண்டாட்டி இந்தியக் குடும்பம்ன்றதும் ஒரு வாதம் இல்ல, வேலைக்கு வர்ற அக்காவ எங்க வீட்டு மனுஷி மாதிரின்னு சொல்ற எத்தனையோ வீட்ல அந்த அக்காவுக்கு தனி டம்ளர் இருக்கறத நான் பாத்திருக்கேன். எலக்‌ஷன் நேரத்துலதான் இதெல்லாம் கெளம்புதுன்றாரே மாமா, ஆமா, அப்பதான் கெளம்பும். தெருவ தோண்டுறப்பதான் பைப்பு எங்க ஒழுகுதுன்னு தெரியுது. தோண்டினவன் எதிர்க்கட்சிக்காரன்றதால ஒழுகலன்னு ஆயிடுமா?

மாமா சொன்னதுல என்ன உறுத்துறது ஒண்ணே ஒண்ணுதான். "அந்தாளு மனசுல அப்படி எதுவும் கெடையாது."

ஜார்ஜ் வாலஸ்னு அமெரிக்காவோட தெக்கு மாநிலமான அலபாமால ஒரு அரசியல்வாதி இருந்தாரு. 1958ல மொதமொதல்ல கவர்னர் பதவிக்கு நின்னப்போ கறுப்பின மக்களோட பெரிய அமைப்பான என்ஏஏசிபியே அவரத்தான் ஆதரிச்சுது, எதிர்த்து நின்னவருக்குத்தான் கூ க்ளக்ஸ் க்ளான்ற வெள்ளை இனவெறிக் கும்பலோட ஆதரவு. வாலஸ் தோத்துட்டாரு. தோத்ததும் எதப் பேசினா ஓட்டு விழும்னு புரிஞ்சிக்கிட்டு, அடுத்த வாட்டி வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியாத்தான் இருக்கணும்னு ஊர் ஊரா கத்தி ஜெயிச்சாரு. 1963ல பதவியேத்த அன்னிக்கு பிரிவினை இன்னிக்கும் நாளைக்கும் என்னிக்கும்னு முழங்கினாரு, அதே வருஷம் ஜூன்ல ரெண்டு கறுப்பின ஸ்டூடண்ட்ஸ் உள்ள போகக்கூடாதுன்னு யுனிவர்சிட்டி வாசல்ல போய் நின்னாரு. 1968ல அதிபர் தேர்தல்ல மூணாவது கட்சியா நின்னு அஞ்சு மாநிலத்த புடிச்சாரு. பிற்பாடு கறுப்பின மக்கள்கிட்ட மன்னிப்பு கேட்டாரு, 1982ல அவங்கள்லயே நெறைய பேர் ஓட்டு போட்டு திரும்ப கவர்னர் ஆனாரு. இந்த மனுஷன் மனசுல நெசமா என்ன இருந்துச்சு? எனக்குத் தெரியாது, அத தெரிஞ்சிக்கவும் வேணாம். அந்த வாசல்ல நின்ன ரெண்டு பிள்ளைங்களுக்கு அவரு மனசால என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

இப்ப உங்க கடிதத்துக்கு வரேன். கோபமாத்தான் எழுதறேன்.

"புளியந்தோப்பு ரவுடி மாதிரி பேசுறாரு." ரேசிசத்த எதிர்த்து எழுதின கடிதத்துல நீங்களே எழுதின வரி இது. கை நடுங்கலயா தம்பி? உங்க மாமா நியூஜெர்சில உக்காந்து டைப் பண்ணதுக்கு எங்க ஊர் ஜனங்க என்ன பண்ணாங்க? நான் புளியந்தோப்பு, வடசென்னைல பெரம்பூருக்குப் பக்கத்துலயே, தலித் மக்களும் கூலி ஜனங்களும் நெறைய இருக்கற எடம். எங்க தாத்தாலேந்து அங்கதான். ஆடு வெட்டற ஆட்டுத்தொட்டி வாடையில பொறந்து வளந்தேன். எங்க அப்பா மில்லுல ஷிப்டு முடிச்சு ராத்திரி வர்ற சைக்கிள் சத்தத்துக்கு தூங்காம காத்துட்டிருப்பேன். ஒரு ஊர் பேர திட்டா ஆக்கறது எவ்ளோ சுலபம்னு பாத்தீங்களா, உங்களுக்கே தெரியாம வந்துடுச்சு, நீங்களும் மனசுல எதுவும் வெச்சிக்கிட்டு எழுதல, அது எனக்கு நல்லாவே தெரியும்.

2003ல எனக்கு கல்யாணமாகி மூணு மாசம். ஆபீஸ் தெக்க இருந்துச்சு, அதனால அந்தப் பக்கமா வீடு பாத்தேன். டூலெட் போர்டுல இருந்த நம்பர எழுதிக்கிட்டு வந்து ஒரு ரூபா காயின் போன்ல பேசினேன். அந்தப் பக்கம் ரொம்ப நல்ல கொரலு. எத்தன பேரு, என்ன வேல, எல்லாம் கேட்டாரு, வாடக சொன்னாரு, பத்து மாசம் அட்வான்ஸ் சொன்னாரு, சரின்னேன். "இப்ப எங்க இருக்கீங்க?" "புளியந்தோப்பு சார்." ரெண்டு செகண்ட் சத்தமே இல்ல. அப்புறம், "ஓ, வீடு நேத்துதான் வேற ஒருத்தருக்கு பேசி முடிச்சோம், வீட்ல சொல்ல மறந்துட்டாங்க"ன்னாரு. நான் சரிங்க சார்னு வெச்சிட்டேன். கூட வேல செஞ்ச மாம்பலத்து ஃப்ரெண்டு ஒருத்தன் பக்கத்துலயே நின்னுட்டிருந்தான், இருடா நான் பேசுறேன்னு அதே நம்பருக்கு அரைமணி கழிச்சு போட்டான். "வாங்க வாங்க, காலியாத்தான் இருக்கு, சாயந்திரமே வந்து பாருங்க." ரிசீவர வெச்சிட்டு அவன் என் மூஞ்சிய பாக்கல. அந்த மாசத்துலயே இன்னும் ரெண்டு எடத்துல இதே கததான்.

நாலாவது வீட்டுக்காரர்கிட்ட பெரம்பூர்னு சொன்னேன். வீடு கெடச்சுது.

அந்த வீட்டுக்காரர பத்தி சொல்லணும். தங்கமான மனுஷன். சதுர்த்திக்கு கொழுக்கட்ட வரும், தீபாவளிக்கு பலகாரம் வரும். என் பொண்டாட்டி மாசமா இருந்தப்போ ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்துச்சு, ஆட்டோ கெடைக்கல, அவரே கார எடுத்து ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயி விடியற வரைக்கும் பெஞ்சுல உக்காந்திருந்தாரு. கொழந்த பொறந்து எங்க அம்மா வந்து ஒரு மாசம் தங்கினாங்க. ஒரு நாள் மாடியில துணி காயப் போடறப்போ வீட்டுக்காரம்மா பேச்சுவாக்குல நீங்க எந்தப் பக்கம்னு கேட்க, எங்க அம்மா, "நாங்க புளியந்தோப்பும்மா, கன்னிகாபுரம்"னு சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் வாடக குடுக்கப் போனப்போ வீட்டுக்காரர் தலைய குனிஞ்சிக்கிட்டு, ஊர்லேந்து தம்பி குடும்பம் வருது, ரெண்டு மாசத்துல பாத்துக்கோங்கன்னாரு. நாங்க காலி பண்ணின அடுத்த வாரமே டூலெட் போர்டு மாட்டியிருந்துச்சு.

அவரு கெட்டவர்னு இன்னி வரைக்கும் நான் சொன்னதில்ல. எம் புள்ள பொறந்த ராத்திரி பெஞ்சுல உக்காந்திருந்தவர எப்படி சொல்றது. ஆனா வீடு போச்சு. எங்க அம்மா, தன் வாயாலதான் வீடு போச்சுன்னு, "நான் இன்னாத்துக்கு அங்க வந்தேன், நான் இன்னாத்துக்கு வாயத் தொறந்தேன்"னு சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாங்க.

அதனாலதான் ட்ரம்ப் விஷயத்துல மெக்சிகோக்காரங்கள என்ன சொன்னாரு, மெக்சிகோ வம்சாவளி ஜட்ஜ் ஒருத்தர என்ன சொன்னாரு, கமலாவ என்ன சொன்னாருன்றதெல்லாம் விட என் கண்ணு போறது ஒரு வாடகை வீட்டு கேஸுக்கு. 1973 அக்டோபர்ல அமெரிக்க நீதித்துறை, அப்பா ஃப்ரெட் ட்ரம்ப் மேலயும் அப்ப 27 வயசு புள்ள டொனால்ட் ட்ரம்ப் மேலயும் அவங்க கம்பெனி மேலயும் கேஸ் போட்டுச்சு. நியூயார்க்ல அவங்ககிட்ட 14,000 வீட்டுக்கு மேல இருந்துச்சு. கறுப்பர் போய் கேட்டா காலி இல்ல, வெள்ளைக்காரர் போய் கேட்டா இருக்கு, இதான் புகார். எப்படி கண்டுபிடிச்சாங்க தெரியுமா? ஒரே வீட்டுக்கு மொதல்ல ஒரு கறுப்பர அனுப்பறது, அப்புறமா ஒரு வெள்ளைக்காரர அனுப்பறது, ரெண்டு பேருக்கும் என்ன பதில் வந்துச்சுன்னு எழுதி வைக்கறது. டெஸ்டர்னு பேரு அதுக்கு. இத நான் மொதமொதல்ல படிச்சப்போ அந்த காயின் போனும் மாம்பலத்து ஃப்ரெண்டும்தான் ஞாபகம் வந்தாங்க, படிச்ச எடத்துலயே ரொம்ப நேரம் நின்னுட்டேன்.

ட்ரம்ப் தரப்பு மறுத்துச்சு, பத்து கோடி டாலர் கேட்டு அரசாங்கத்து மேலயே எதிர் கேஸ் போட்டுச்சு, கோர்ட் அத தள்ளிடுச்சு. 1975ல சமரசத்துல முடிஞ்சுது, தப்பு பண்ணோம்னு அவங்க ஒத்துக்கல. ஆனா பாகுபாடு பாக்கக்கூடாது, காலி வீட்டு விவரத்த கறுப்பின மக்களுக்காக வேல செய்யற அமைப்புக்கு மொதல்ல குடுக்கணும்னு எழுதி வாங்கினாங்க. அவரு மனசுல என்ன இருக்குன்னு அந்த கேஸ்ல யாரும் ஆராய்ச்சி பண்ணல பாருங்க. யாருக்கு சாவி குடுத்த, யாருக்கு குடுக்கல, அவ்ளோதான் கேள்வி. அப்படி கேட்க அவங்ககிட்ட ஒரு சட்டம் இருந்துச்சு, 1968 ஏப்ரல்ல மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு ஒரே வாரத்துல கையெழுத்தான சட்டம்.

நமக்கு அது இல்ல தம்பி. தனி ஆள் தன் வீட்ட வாடகைக்கு விடறப்போ சாதி பாத்தா ஏரியா பாத்தா போய் கேட்க அந்த மாதிரி ஒரு சட்டம் இல்ல. 2005ல அகமதாபாத் பார்சி ஹவுசிங் சொசைட்டி கேஸ்ல, எங்க சமூகத்து ஆளுங்களுக்கு மட்டும்தான் வீடுன்னு விதி வெச்சிக்கறது செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. வெள்ளைக்காரன் கோட்டைக்குள்ள வெள்ளையர் பட்டணம், கோட்டைக்கு வெளிய கறுப்பர் பட்டணம்னு கோடு போட்டு வெச்ச ஊர் நம்ம சென்னை, மண்ணடி, முத்தியால்பேட்டைக்கெல்லாம் அப்ப அதான் பேரு, பிற்பாடுதான் ஜார்ஜ் மன்னர் பேர்ல ஜார்ஜ் டவுன்னு மாத்தினாங்க. பேரு மாறி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. போன மாசம் எங்க அக்கா பையன் ஒரு வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டிருந்தான், ஸ்பீக்கர் போட்டிருந்தான், இப்ப எங்க இருக்கீங்கன்னு கேட்டதும் அவன் என்ன ஒரு பார்வ பாத்துட்டு "பெரம்பூர் சார்"னான். இருபது வருஷத்துக்கு முன்னாடி நான் சொன்ன அதே பொய், அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

க்ரூப்ப விட்டு வரணுமான்னு கேட்டீங்க. வர வேணாம். 2008 தேர்தல்ல ஒபாமாவோட பாதிரியார் அமெரிக்காவ திட்டிப் பேசின பேச்ச வெச்சு ஒரே அமளியா இருந்தப்போ மார்ச் 18 அன்னிக்கு ஒபாமா ஃபிலடெல்ஃபியால பேசினாரு, அதுல தன்ன வளத்த வெள்ளக்காரப் பாட்டிய பத்தி சொன்னாரு. உயிரா வளத்த அதே பாட்டி, தெருவுல கறுப்பின ஆம்பளைங்க எதிர்ல வந்தா பயமா இருக்குன்னு சொன்னத சொன்னாரு, அந்தப் பாட்டிய என்னால உதற முடியாதுன்னாரு. உங்க மாமாவ நீங்க உதற வேணாம். க்ரூப்ல மோதாதீங்க, ஞாயித்துக்கிழம போன் போடுங்க. ட்ரம்ப் பேச்ச எடுக்காதீங்க. மாமா நீங்க அமெரிக்கா போன புதுசுல மொத வீடு எப்படி கெடச்சுது, அத மட்டும் கேளுங்க, அவரு சொல்றத குறுக்க பேசாம கேளுங்க.

இன்னொண்ணு. அம்மாவோட தாய்வீடு "அந்தப் பக்கம்"னு எழுதியிருக்கீங்க. எந்தப் பக்கம்னு எனக்கு ஓரளவு புரியுது. அடுத்த கடிதத்துல தெரு பேரோட எழுதுங்க.