யோவாகிம் டெக்கார்ம் யார்? 25 வயதிலேயே அவரது ஹேண்ட்பால் ஆட்டம் ஏன் முடிந்தது?

மேற்கு ஜெர்மனி கண்ட மிகச் சிறந்த ஹேண்ட்பால் வீரர்களில் ஒருவர் அவர். 1954-இல் சார்ப்ரூக்கனில் பிறந்தார். ஃபவ்எஃப்எல் கும்மர்ஸ்பாக் அணிக்குப் போன பிறகு ஜெர்மன் சாம்பியன் பட்டம், ஐரோப்பியக் கோப்பை என்று வரிசையாக வென்றார். நாட்டுக்காக 104 ஆட்டங்களில் 381 கோல். ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்றரைக்கும் மேல்! 1978-இல் கோபன்ஹேகனில் சோவியத் யூனியனை 20-19 என்று வீழ்த்தி உலகக் கோப்பை வென்ற அணியிலும் இருந்தார்.

அடுத்த ஆண்டு, 1979 மார்ச் 30. ஹங்கேரியின் தத்தாபான்யாவில், ஐரோப்பிய நாடுகளில் உள்நாட்டுக் கோப்பை வென்ற அணிகள் மோதும் ‘கோப்பை வென்றோர் கோப்பை’யின் அரையிறுதி. ஓடிவந்த வேகத்தில் எதிரணி வீரர் ஒருவருடன் மோதி, தலை தரையில் அடிபட விழுந்தார். அங்கே கான்கிரீட்மேல் மெல்லிய பிளாஸ்டிக் விரிப்புதான் இருந்தது. மண்டை ஓடு உடைந்து, மூளையில் பலத்த காயம். மோதியவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. இந்த ஆட்டத்தில் மோதல் சகஜம். அப்படி ஒரு தரையில் பெரிய போட்டி நடத்தியதுதான் என்னை இன்றும் கோபப்படுத்துகிறது.

131 நாள் கோமாவில் கிடந்தார். கண் விழித்ததும் பேச்சு, நடை எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. இளவயதில் பயிற்சி தந்த வெர்னர் ஹுர்ட்டர்தான் அப்புறம் பல ஆண்டுகள் கூடவே இருந்து அவரைப் பழக்கினார். பழைய அணித்தோழர்களும் கைவிடவில்லை. அவர்களில் ஒருவரான ஹைனர் பிராண்ட், 2007-இல் ஜெர்மனி உலகக் கோப்பை வென்றபோது அதன் பயிற்சியாளர்.