சால்ஸ்பரியும் செசில் குடும்பமும் – வாசகர் கடிதம்

வணக்கம் ஐயா,

தாதாபாய் நௌரோஜி கட்டுரையில், 1888இல் அவரைக் கறுப்பர் என்று மேடையில் பேசிய பிரிட்டிஷ் பிரதமர் சால்ஸ்பரி பிரபுவின் குடும்பம், முதலாம் எலிசபெத் காலத்திலேயே அதிகாரத்தில் இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். ஒரே குடும்பம் எப்படி இத்தனை காலம் தாக்குப்பிடித்தது? திறமையா, வெறும் பிறப்பா?

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

முதல் இரண்டு தலைமுறைக்குத் திறமைதான். இந்தக் குடும்பத்தை முன்னுக்குக் கொண்டுவந்த வில்லியம் செசில் பெரிய பிரபு வம்சத்தில் பிறந்தவர் அல்ல. 1558இல் எலிசபெத் அரியணை ஏறியது முதல் 1598இல் தான் இறக்கும்வரை அரசியின் வலதுகையாக இருந்தார். மகன் ராபர்ட், கூன் முதுகுக்காகக் கேலி செய்யப்பட்டவர். 1603இல் ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸை ரத்தம் சிந்தாமல் இங்கிலாந்துக்கும் மன்னராக்கினார். சால்ஸ்பரி பட்டம் அவருக்குக் கிடைத்ததுதான். அவர் கட்டிய ஹாட்ஃபீல்டு மாளிகை இன்றும் குடும்பத்திடம் இருக்கிறது.

அப்புறம் சுமார் 200 ஆண்டுகளுக்கு அந்த அளவுக்குப் பெரிய ஆள் யாருமில்லை. திறமை ரத்தத்தில் வருமென்றால் இந்த இடைவெளி ஏன்? ஆனால் சொத்து சிதறவில்லை. மூத்த மகனுக்கே பட்டமும் நிலமும் என்ற வழக்கமும், நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் பிறப்பால் வரும் இடமும் குடும்பத்தைக் காப்பாற்றின.

நீங்கள் குறிப்பிடும் சால்ஸ்பரி, மூன்றாம் மார்க்விஸ் (பிரபுக்களில் ஓர் உயர்ந்த பட்டம்), மகா அறிவாளி. மூன்று முறை பிரதமர். ஆனால் 1853இல் ஸ்டாம்ஃபோர்டில் போட்டியின்றி எம்.பி. ஆனார் என்றால், அந்தத் தொகுதி செசில்களின் மூத்த கிளையான எக்ஸெட்டர் பிரபுவின் பிடியில் இருந்ததுதான் காரணம். 1900இல் அவர் அமைச்சரவையில் அக்கா மகன்கள் இருவர், மருமகன் ஒருவர். அக்கா மகன் பால்ஃபர்தான் 1902இல் அடுத்த பிரதமர்.

என்னை உறுத்துவது வேறு. 1866இல் சால்ஸ்பரி இந்தியா அமைச்சர், அதாவது லண்டனிலிருந்து இந்திய விவகாரங்களைக் கவனிக்கும் அமைச்சர், ஆனதுமே ஒரிசாப் பஞ்சம் பற்றிய எச்சரிக்கை அவருக்கு வந்தது. அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று 2 மாதம் சும்மா இருந்தார். அந்தப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அது தன் குற்றம் என்று பின்னாளில் மருகினார். 1876இல் தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் பரவியபோதும் அவரேதான் இந்தியா அமைச்சர். வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்தவர்களின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியம், அதோடு சில்லறைக் காசு என்று குறைத்தார். லிட்டனின் சிக்கனத்துக்கு லண்டன் துணை நின்றது. தன் வருத்தமே சால்ஸ்பரிக்குப் பாடமாகவில்லை என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கேள்வி கேட்கவும் ஆளில்லை. 1868இல் அப்பா இறந்து பிரபுக்கள் சபைக்குப் போன பிறகு அவர் எந்த வாக்காளர் முன்னும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. பிரதமராக இருந்ததும் அங்கிருந்தபடியேதான்.

சரி, அவர் மகன்களில் ஒருவரையும் சொல்லிவிட வேண்டும். இன்னொரு ராபர்ட் செசில். ஐ.நா.வுக்கு முன்னோடியான உலக நாடுகள் சங்கத்தை உருவாக்க உழைத்து, 1937இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். இந்தக் குடும்பத்தில் நான் மனதார மதிக்கும் ஆள் அவர்தான்.