கம்போடியாவுக்கு முன்னால் தாராவி

போன வாரம் மும்பை சயானிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தது. பெண் பி.காம். கடைசி வருடம். கம்போடியாவில் நான்கு வாரம் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வப் பணிக்கு ஏஜென்சி கேட்பது 1,85,000 ரூபாய். விமான டிக்கெட் தனி. "அமெரிக்காவுல இருக்கிற இவ பெரியப்பா பையன், இந்த சர்டிபிகேட் இருந்தா எம்.பி.ஏ. சீட்டு ஈஸியா கிடைக்கும்னு சொல்றான் மேடம். எஃப்.டி.யை உடைச்சுடட்டுமா?" என்றார் அப்பா. அம்மா கை வளையலைத் திருகிக்கொண்டே இருந்தார்.

ஊர் பாதுகாப்பா, சாப்பாடு ஒத்துக்குமா என்று கேட்டதற்கெல்லாம் முதலில் தைரியம்தான் சொன்னேன். ஏஜென்சியின் விளம்பரத்தாளைப் படித்தபிறகு அப்படிப் பேச மனம் வரவில்லை. பயிற்சி ஒரே நாள். அனுபவம் தேவையில்லை. வாரம் இருமுறை அநாதை இல்லத்தில் குழந்தைகளோடு விளையாட்டு.

உடைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

கம்போடியா, நேபாளம் போன்ற நாடுகளின் காப்பகப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்று யூனிசெஃப் பல வருடமாக எச்சரித்து வருகிறது. வெளிநாட்டார் பணத்தோடு வருகிறார்கள் என்பதற்காகவே பிள்ளைகள் வீட்டிலிருந்து பிரிக்கப்படுகிறார்கள். ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. போலீஸ் நற்சான்று கூடக் கேட்காமல் உங்கள் பெண்ணைக் குழந்தைகளிடம் விடுகிற இடத்துக்கு அவளை அனுப்பலாமா?

அதுவரை வாய் திறக்காத பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். வீட்டில் எட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாளாம். பென், பஸ் இரண்டுக்கும் தமிழில் ஒரே ப தானே, எப்படிப் பிரித்துக் காட்டுவாய் என்றேன். அந்த விளம்பரத்தாளின் ஓரத்திலிருந்து ஒரு துண்டைக் கிழித்து உதட்டுக்கு முன்னால் பிடித்தாள். "பென்" என்றதும் தாள் படபடத்தது. "பஸ்" என்றபோது அசையவில்லை. "அவங்களே பிடிச்சுப் பார்ப்பாங்க மேடம், சிரிச்சுக்கிட்டே வந்துடும்" என்றாள். யாரும் அவளுக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

எம்.பி.ஏ. பெரியப்பா மகனுடைய ஆசை. இந்தப் பெண்ணின் ஆசை அந்தத் தாள் துண்டில் இருக்கிறது. இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஆசிரியையாக பி.எட். எல்லோருக்கும் தெரிந்த வழி, அதை விடுங்கள். ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி தரும் கேம்பிரிட்ஜின் செல்டா நல்ல படிப்புதான்: 120 மணி நேரம், அதில் 6 மணி நேரம் நிஜ வகுப்பு. ஆனால் அங்கே எதிரே உட்காருபவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். செலவும் அதிகம். இப்போது வேண்டாம்.

நான் சொல்வது பக்கத்திலேயே இருக்கிறது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. தாராவிப் பக்கம் தமிழ்வழிப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குத் திணறுகிறார்கள். அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் தொண்டு நிறுவனம் ஒன்றின் மூலம் அனுமதி வாங்கி, வாரம் இரண்டு நாள், ஒரு வருடம் போகட்டும். 1995இல் இதே மும்பையின் குடிசைப் பகுதிகளில் தொடங்கியது பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு. வகுப்பைப் பார்க்காமல், பிள்ளை எந்த நிலையில் வாசிக்கிறதோ அதை வைத்துக் குழு பிரிப்பது அவர்கள் வளர்த்த முறை. முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்துப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, சொல், சின்ன வாக்கியம் என்று வாசிக்கச் சொல்ல வேண்டும். வாசித்ததன் பொருளைத் தமிழில் கேட்க வேண்டும். எங்கே நிற்கிறதோ அதுவே அந்தப் பிள்ளையின் குழு. ஐந்தாம் வகுப்புப் பையன் எழுத்துக் குழுவிலும் மூன்றாம் வகுப்புப் பெண் வாக்கியக் குழுவிலும் உட்காரலாம். மாதக் கடைசியில் மறுபடி பார்த்து இடம் மாற்ற வேண்டும். இந்த முறை இன்று ஜாம்பியாவின் அரசுப் பள்ளிகள் வரை போயிருக்கிறது. இங்கிருந்து ஆப்பிரிக்கா போன வித்தையை விட்டுவிட்டு ஒரு நாள் பயிற்சிக்கு லட்சக்கணக்கில் கொடுப்பானேன்?

ஒரு நோட்டு போடச் சொன்னேன். பிள்ளைக்கு ஒரு பக்கம்: வந்த நாளில் எந்த நிலை, ஒவ்வொரு மாதமும் எந்த நிலை, எந்த விளையாட்டு பலித்தது, எது சொதப்பியது. ஐ.நா. தன்னார்வலர் திட்டம் போன்றவை செலவுத் தொகையை அவர்களே கொடுத்து அனுப்புகின்றன. பல பணிகளுக்கு அனுபவமும் கேட்கின்றன. அங்கே விண்ணப்பிக்கும்போது அந்த நோட்டு பேசும். கம்போடியாவோ கென்யாவோ, போகிற இடத்தின் மொழியில் நூறு வார்த்தை கற்றுக்கொண்டு போவாள்.

கிளம்பும்போது அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார், 10,000 ரூபாய் முன்பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டதாம். எழுத்தில் கேளுங்கள், தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். தராவிட்டால் போகட்டும். அந்தப் பத்தாயிரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று மீதி 1,75,000த்தைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.